ஐந்தாவது வரி

கிர்கிஸ்தானில் கொச்கோர் ஊரைத் தாண்டி, சாலை முடிகிற இடத்தில் அண்ணன் முகாஷின் வீடு இருந்தது. குபாத் காரை நிறுத்தியபோது மாலை ஆறரை மணி. பனி பெய்து ஓய்ந்திருந்தது. புகைபோக்கியில் புகை இல்லை. கார் சத்தம் கேட்டாலே குரைத்துக்கொண்டு ஓடிவரும் நாய், வைக்கோல் போருக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தது.

பக்கத்து வீட்டு பாட்மா காலையில் போன் செய்திருந்தாள். "பெரிய மனுஷன் ஆயிட்டே, சந்தோஷம். உன் அண்ணி சாகறதுக்குள்ள ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ." வேறு எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

பெரிய மனுஷன்தான், அதில் பொய்யில்லை. பதினோரு வருஷம் சோப்புத்தூள் விளம்பரத்துக்கும் பொம்மைப் படத்துக்கும் மெட்டுப் போட்டு, மிச்ச நாளில் பிஷ்கெக் கல்யாண வீடுகளில் கீபோர்டு வாசித்துக் காலம் தள்ளியவன். போன வருஷம் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்கு முகப்பு இசை கேட்டார் இயக்குநர் ரிஸ்பெக். ஆறு மெட்டுப் போட்டான். ஆறும் திரும்பி வந்தன. "என்னய்யா இது, நூடுல்ஸ் விக்கிற மாதிரி இருக்கு?" என்றார். ஏழாவதும் தேறாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பதாகச் சொன்ன அதே வாரத்தில், கணவாயில் பனி சரிந்து அண்ணன் முகாஷின் லாரியை மூடியது.

சாவு வீட்டில் ஆண்கள் முறைப்படி கம்பளிக் கூடாரத்துக்கு வெளியே கோலூன்றி நின்று அழுதார்கள். உள்ளே சோனுன் அண்ணி, வந்தவர்களுக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி சொன்னாள். குபாத்தும் அழுதான். பொய்யழுகை இல்லை, தூக்கி வளர்த்த அண்ணன். ஆனால் அவன் கண் அழுதுகொண்டிருக்கும்போதே கை பைக்குள் போய் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து, கூடாரத்தின் விளிம்புக்கு அடியில் தள்ளியது.

*வந்துடய்யா, வண்டிய நிறுத்திட்டு வந்துடய்யா.*
*சட்டையில டீசல் வாசம் எங்கே?*
*அடுப்புல தேநீர் ஆறிப்போச்சே,*
*ஆறாத நெஞ்சு காத்திருக்கே.*

ஐந்தாவதாக ஒரு வரி உண்டு. செத்தவனுக்கு விடை கொடுக்கிற வரி. கூப்பிட்டவள் அதைச் சொல்லித்தான் முடிக்க வேண்டும்.

*பாதை திறந்து கெடக்கு, திரும்பிப் பாக்காமப் போய்யா.*

அந்தப் பதிவை ஏழாவது மெட்டாகக் கொண்டுபோனான். ரிஸ்பெக் கண்ணை மூடிக் கேட்டார். "பிரமாதம். ஆனா முடிஞ்சிடுதேய்யா. முடிஞ்சா ஜனம் எந்திரிச்சுப் போயிடும். முடியாம சுத்தணும்." குபாத் ஐந்தாவது வரியை வெட்டினான். நான்கின் வாலை ஒன்றின் தலையோடு ஒட்டினான். ஒட்டு எங்கே என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தொழிலில் கெட்டிக்காரன்.

அதன் பிறகு பட்டிதொட்டியெல்லாம் அந்த மெட்டுத்தான். கைப்பேசி மணியாக அதை வைத்துக்கொள்ளாதவர்கள் குறைவு, குபாத்தும் வைத்திருந்தான். அல்மாட்டியிலிருந்து சினிமா தேடி வந்தது. பாடியது யார் என்று கேட்டால், "ஒரு நாட்டுப்புறப் பாடகி" என்பான்.

கதவு திறந்தே இருந்தது. அடுப்பு மூட்டாத வீட்டுக்குள் சோனுன் கறுப்பு உடையில், கம்பளத்தின் மேல் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயசுக்காரி அறுபதுபோல் இருந்தாள். மடியில் கிடந்த துணியில் ரத்தக் கறை.

"அண்ணி, அடுப்பக்கூட மூட்டாம இப்படி உக்காந்திருக்கீங்களே!"

"மூட்டினா அணைஞ்சிடுது தம்பி. உக்காரு. போர்சோக் இருக்கு, தின்னு. ஏழு மணி ஆகலியே?"

"ஏழு மணிக்கு என்ன?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"உங்கண்ணன் வருவாரு."

 குபாத் எடுத்த போர்சோக்கை, அந்த வறுத்த ரொட்டித் துண்டை, கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"அது என் குரல்னு மொத நாளே தெரியும்," என்றாள் சோனுன். "போகட்டும், புள்ள பொழச்சிக்கட்டும்னு விட்டேன். ஆனா தம்பி... நாலு வரியோட ஏன் நிறுத்தினே?"

பக்கத்து வீட்டில் தொலைக்காட்சியைப் போட்டார்கள். மெல்லிய சுவர். தந்திவாத்தியங்கள் எழுந்தன. அவன் கோத்த தந்திகள்.

*வந்துடய்யா...*

சோனுன் சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். யாரோ தோளைப் பிடித்துத் திருப்பியதுபோல் இருந்தது. அவள் வாய் திறந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரலும் இந்தப் பக்கத்துக் குரலும் ஒன்றாகப் பாடின.

முதலில் வாசனை வந்தது. டீசல். அதோடு நனைந்த ஆட்டுத்தோல்.

பிறகு வெளியே பனி நொறுங்கியது. ஒரு அடி. இன்னொரு அடி. இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற நடை.

அந்த நடையை குபாத் சின்ன வயசிலிருந்து அறிவான்.

கதவு அசையவில்லை. ஆனால் சோனுனுக்குப் பின்னால் கம்பளம் மெல்ல அமுங்கியது. இரண்டு குழிகள். அவற்றைச் சுற்றி ஈரம் பரவியது. அவள் பின்னங்கழுத்தில் மயிர் சிலிர்த்து நின்றது.

தொலைக்காட்சியில் முகப்பு முடிந்து வசனம் தொடங்கியது.

சோனுன் நிறுத்தவில்லை.

நான்காவது வரி முடிந்ததும் மூச்சுகூட விடாமல் முதல் வரிக்குப் போனாள். ஒட்டுத் தெரியாமல். அவன் வெட்டி ஒட்டிய அதே இடத்தில்.

"அண்ணி, போதும்! அஞ்சாவதைச் சொல்லுங்க!"

அவள் தலையை அசைத்தாள். இரண்டு வரிகளுக்கு நடுவே கிடைத்த இடுக்கில் கிசுகிசுத்தாள். "வர மாட்டேங்குது... வாய் தானா மொதலுக்குப் போயிடுது... மயங்கி விழற வரைக்கும்..."

இருமினாள். உதட்டோரம் ரத்தம். இருமலுக்கு இடையிலும் பாட்டு நிற்கவில்லை.

குபாத் முற்றத்துக்கு ஓடி ரிஸ்பெக்கை அழைத்தான். காதில் அவரைக் கூப்பிடும் மணியாகவும் அதே மெட்டு! பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான்.

"அண்ணே, நாளையிலேருந்து அந்த முகப்பு வேணாம். வேற போட்டுத் தரேன். உங்க காலுல விழறேன்."

"குடிச்சிருக்கியா? ஊரே பாடுது, நீ வேணாங்கிறே. கெடைச்ச வாழ்வ ஒதைக்காதடா."

"என் அண்ணி செத்துடுவாங்க!"

"பாட்டு கேட்டு எவன்டா செத்தான்? போய்த் தூங்கு."

குபாத் பனியில் மண்டியிட்டான். பதினோரு வருஷம் கடவுளிடம் ஒரு மெட்டுக் கேட்டவன், இப்போது அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி அழுதான். உள்ளே பாட்டு நூல் இழையாகத் தேய்ந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. வெட்டியது நகலில்தான். மூலப்பதிவு அந்தச் சின்னக் கருவியிலேயே இருந்தது. கருவி காரில் இருந்தது.

எடுத்துக்கொண்டு ஓடினான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பின்னால் அமுங்கிய குழிகளைப் பார்க்காமல், பொத்தானை அழுத்தினான். கூடாரம், பெண்களின் விசும்பல், ஒரு வருஷத்துக்கு முந்தைய சோனுன். நான்கு வரிகளும் வந்தன. குபாத் அவள் கையை இறுகப் பிடித்தான்.

"இதோ வருது அண்ணி. கூடவே சொல்லுங்க. சொல்லிடுங்க!"

*பாதை திறந்து கெடக்கு...*

சோனுனின் உதடுகள் நடுங்கின. தொண்டையில் ஏதோ கிழிபடுவதுபோல் ஒரு சத்தம் வந்தது.

"...திரும்பிப் பாக்காம... போய்யா. போய்யா, என் ராசா."

கம்பளம் மெதுவாக நிமிர்ந்தது.

பனி நொறுங்கும் சத்தம் முற்றத்தைத் தாண்டி, சாலையைத் தாண்டித் தேய்ந்தது. நாய் எழுந்து ஒருமுறை குரைத்தது. டீசல் வாசம் போய்விட்டது. சோனுன் சுவரை விட்டுத் திரும்பினாள். ஒரு வருஷ அழுகையை ஒரே மூச்சில் அழுதாள். குபாத் அடுப்பை மூட்டினான். பிடித்துக்கொண்டது. உப்புப் போட்ட தேநீரை அவளே கேட்டு வாங்கி இரண்டு கிண்ணம் குடித்தாள்.

"உன்னைத் திட்டணும்னு இருந்தேன் தம்பி," என்றாள். "காலையில திட்டறேன்." சொல்லிவிட்டு, குழந்தைபோல் சுருண்டு தூங்கிப்போனாள்.

போர்வையை இழுத்து மூடிவிட்டு அவன் நிமிர்ந்தபோது, சட்டைப்பையில் கைப்பேசி அடித்தது.

*வந்துடய்யா, வண்டிய நிறுத்திட்டு வந்துடய்யா.*

திரையில் ரிஸ்பெக்கின் பெயர். குபாத்தின் விரல்கள் மரத்துப் போயிருந்தன. கைப்பேசி பையின் விளிம்பில் சிக்கி, கைநழுவி, கம்பளத்தில் விழுந்தது; அதற்குள் இரண்டாவது வரியும் போனது. மூன்றாவது முடியும்போது பாய்ந்து அணைத்தான்.

காது கொடுத்துக் கேட்டான். ஒன்றுமில்லை. அடுப்பில் சாணி வறட்டி எரியும் சத்தம் மட்டும். சோனுன் புரண்டுகூடப் படுக்கவில்லை. "விடை கொடுத்தாச்சு, இனி எந்த மெட்டும் கூப்பிடாது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதை நம்பிக்கொண்டே தூங்கினான்.

விழித்தபோது நல்ல வெயில். முற்றத்துக்குப் போய்க் கைப்பேசியை உயிர்ப்பித்தான். ரிஸ்பெக் செய்தி அனுப்பியிருந்தார். *நீ அழுதத நெனச்சா மனசு கேக்கலடா. நாளையிலேருந்து வேற முகப்பு போட்டுடலாம். அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.*

சிரிப்பும் அழுகையும் முட்டிக்கொண்டு வர, அண்ணியிடம் சொல்ல ஓடினான். வாசற்படியில் கால் நின்றது.

சோனுனின் ரப்பர் காலணிக்குப் பக்கத்தில், அவன் வெளியே போனபோது இல்லாத ஒரு ஜோடி கம்பளி பூட்ஸ். கணுக்கால்வரை ஈரம். அடியில் அப்பிய பனி இன்னும் கரையவில்லை. இடது பூட்ஸின் நுனி இழுத்து நடந்து தேய்ந்திருந்தது. இரண்டும் வீட்டுக்குள் பார்த்தபடி இருந்தன.

உள்ளே சோனுன் பாடத் தொடங்கினாள்.

முதல் வரி வந்தது. இரண்டாவது வந்தது. குபாத் கருவியைத் தேடிச் சட்டைப்பையைத் துழாவினான். மூன்றாவதும் முடிந்தது.

நான்காவதற்காகக் காத்திருந்தான்.

நேற்று ராத்திரி அவன் கைப்பேசியை அணைத்த அதே இடத்தில், அவள் முதல் வரிக்குத் திரும்பியிருந்தாள்.