கால் அங்குல ஓட்டை

விசாரணைக் குழு கூடுவதற்கு இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தபோது வர்வாரா நிகிதிச்னா, மேஜர் பெர்த்னிக்கொவின் அறைக் கதவைத் தட்டினாள். தட்டிய சத்தம் அவளுக்கே கேட்டிருக்காது. மேஜரின் உதவியாளன் லெப்டினன்ட் ரூஸ்தெம் வெந்நீர் பிடிக்கப் போவதற்காகக் கதவைத் திறந்ததால்தான் அவள் நிற்பது தெரிந்தது.

1947 ஏப்ரல் மாதம். வோல்காவில் பனி உடைந்து ஓடிக்கொண்டிருந்தது. ஆலை முற்றமெங்கும் சேறு. அவள் சேற்றுக் காலணிகளை வாசலிலேயே விட்டுவிட்டு, கம்பளிக் காலுறையோடு உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். வரைபடப் பிரிவில் வேலை. வயது இருபத்தாறு. விரல்களில் மை.

மேஜர் ஜகார் ல்வோவிச் பெர்த்னிக்கொவ், ஆலையில் தயாராகும் ஒவ்வொரு விமானத்தையும் சரிபார்த்து விமானப்படைக்காக ஏற்றுக்கொள்பவர். குற்றம் துப்பறிவது அவர் வேலை இல்லை. ஆனால் எந்த இயந்திரத்தில் எது ஏன் பழுதானது என்று கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பது ஆலைக்கே தெரியும். சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு அவர் தேநீர் உறிஞ்ச, அவள் சொல்லத் தொடங்கினாள்.

விஷயத்தில் பாதி அவருக்கு முன்பே தெரியும். போர் முடியும் தறுவாயில் தூரக் கிழக்கில் ஓர் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் வந்து இறங்கியது. திருப்பிக் கொடுக்கவில்லை. அதை ஆணி ஆணியாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் அளந்து வரைந்து, அதைப் போலவே இன்னொன்று செய்ய வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. எதையும் கூட்டக் கூடாது, எதையும் குறைக்கக் கூடாது. முதல் விமானம் மார்ச்சில் தயாரானது. விமானிகள் அறையை அடைத்து உள்ளே காற்றை ஏற்றிப் பார்த்தபோது அழுத்தம் நிற்கவில்லை. பின்சுவரில், ஒரு மூடுபலகையின் மூலையில், கால் அங்குல ஓட்டை. காற்று அதன் வழியே சீறிக்கொண்டு வெளியேறியது.

வரைபடத்தில் அந்த ஓட்டை இருந்தது. வரைந்தவள் வர்வாரா. ஆனால் கிடங்கிலிருந்த அமெரிக்க மூலப்பலகையை எடுத்துப் பார்த்தால் அதில் ஓட்டையே இல்லை.

அப்படியென்றால் ஓட்டையை அவள்தான் கூட்டியிருக்கிறாள். அதற்குப் பெயர் நாசவேலை. அவளுடைய அண்ணன் போரில் ஜெர்மானியர்களிடம் கைதியாக இருந்து திரும்பியவன் என்பதும் குழுவின் கவனத்துக்கு வந்திருந்தது. முடிவு சொல்வதற்காகத் திங்கட்கிழமை காலை குழு மறுபடி கூடும். கூடி முடித்ததும் வாசலில் ஒரு வண்டி நிற்கும். பத்து வருடம் சிறை என்று பிரிவில் எல்லோரும் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள்.

"ஓட்டையை நீங்க பாத்தீங்களா?" என்று மேஜர் கேட்டார்.

"பாத்துதான் வரைஞ்சேன். அதுல ஏதோ பிசின் மாதிரி அடைச்சிருந்துச்சு. ஊசியால எடுத்தேன்." அவள் தயங்கினாள். "புதினா வாசனை அடிச்சுது. குழுவுல இதைச் சொன்னேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க."

அடைப்பையும் வரையட்டுமா என்று பிரிவுத் தலைவரிடம் கேட்டிருக்கிறாள். அடைப்பு உதிரிபாகம் அல்ல, ஓட்டை உதிரிபாகத்தைச் சேர்ந்தது, ஆகவே ஓட்டையை மட்டும் வரை என்று அவர் சொல்லியிருக்கிறார். இப்போது அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்கிறார்.

அவள் போன பிறகு ரூஸ்தெம் தலையைச் சொறிந்தான். "குண்டு போடற விமானத்துல புதினாவாம், ஜகார் ல்வோவிச். பொய் சொல்றதுன்னா கொஞ்சம் பொருத்தமா சொல்லக் கூடாதா?"

"அதேதான் நானும் நினைச்சேன்" என்றார் மேஜர். "பொய் சொல்றவங்க பொருத்தமாத்தான் சொல்லுவாங்க."

*

மறுநாள் காலை இருவரும் கிடங்குக்குப் போனார்கள். கிடங்குப் பொறுப்பாளர் ஃபெதோத் இல்யிச் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு, வந்தவர்களிடம் அமெரிக்கர்களைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொரு பாகத்தின் பின்புறமும் மஞ்சள் மெழுகுப் பென்சிலால் எண் எழுதியிருக்கிறார்களாம். யார் படிப்பது?

"நீ படி பாப்போம், தம்பி" என்று ஒரு குழாயை ரூஸ்தெமின் கையில் வைத்தார்.

ரூஸ்தெம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஆயிரத்து நூற்று... பதினாலு."

"தப்பு. எழுநூத்திப் பதினாலுல முடியணும். ஏழாயிரத்து எழுநூத்திப் பதினாலு. நானும் உன்னை மாதிரிப் படிச்சுத்தான் பாதிக் கிடங்கைத் தப்பான அலமாரியில அடுக்கினேன். ஒரு மாசம் போச்சு."

"இவனுங்க பள்ளிக்கூடத்துக்கே போகலியா?"

"நீ போனல்ல, படியேன்" என்று இன்னொரு பாகத்தை நீட்டினார். அதையும் ரூஸ்தெம் தப்பாகத்தான் படித்தான். கிழவர் விதைத் தோலைத் துப்பிவிட்டுச் சந்தோஷமாகச் சிரித்தார்.

சர்ச்சைக்குரிய மூடுபலகை, குழுவின் முத்திரையிட்ட பெட்டியில் தனியாக இருந்தது. மேஜருக்கு அதைத் திறக்க அனுமதி உண்டு. பெரிய தட்டு அளவுக்கு வளைந்த அலுமினியப் பலகை. விளிம்பு கண்ணாடி போல இருந்தது. போல்ட் துளைகள் சுற்றிலும் சீராக. மூலையில் ஓட்டை இல்லை, அடைத்த தடமும் இல்லை.

"பின்னாடி என்ன எண்?" என்றார் மேஜர்.

"ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தேழு" என்றான் ரூஸ்தெம்.

மேஜர் அவனையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெட்டியை மூடச் சொன்னார். கிழவரிடம் தேநீர் கிடைக்குமா என்று கேட்டு, கிடைத்ததைக் குடித்து, நன்றி சொல்லி வெளியே வந்தார்.

அடுத்து அவர் போனது பொருத்துக் கூடத்துக்கு. தலைவர் க்ளேப் சவ்விச் குர்த்யூமொவ் பெரிய குரல்காரர். மே தினக் கெடுவுக்கு முன்பே, மார்ச்சிலேயே, முதல் விமானத்தைக் கூடத்திலிருந்து வெளியே தள்ளியதற்காக அவர் படம் ஆலைச் சுவரில் மாட்டியிருந்தது. மேஜர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். வரைபடத்திலிருக்கும் அந்தக் கால் அங்குல ஓட்டை எப்போது போடப்படும்?

போல்ட் துளைகள் அச்சுத்தகட்டை வைத்துப் பட்டறையிலேயே போடப்படும் என்றார் குர்த்யூமொவ். உதிரி ஓட்டைகள் அச்சுத்தகட்டில் இருக்காது. பலகையை விமானத்தில் மாட்டிய பிறகு, வரைபடத்தைப் பார்த்துக் கடைசியாகத் துளைப்பார்கள்.

"இதுல போட்டது யாரு?"

"ஞாபகம் இருக்குமா, தோழர் மேஜர்? லட்சம் ஓட்டை போடறோம். அந்தப் பொண்ணு வரைஞ்சுது, எங்க ஆளு போட்டான். தலையை வரையச் சொன்னா வாலை வரையற கூட்டம்." அவர் சிரித்தார். மேஜர் சிரிக்கவில்லை. விமானத்தில் மாட்டியிருக்கும் பலகையைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டார். பின்பக்கம் கம்பளி உறை தைத்தாயிற்று, குழுத் தலைவர் உத்தரவு இல்லாமல் கை வைக்க மாட்டேன் என்று குர்த்யூமொவ் சொன்னார். சொல்லும்போது குரல் முதல் தடவையாகச் சிறுத்தது.

வெளியே வந்ததும் ரூஸ்தெம் பொறுக்க முடியாமல் கேட்டான். மேஜருக்கு எல்லாம் தெரிந்துவிட்டதா?

"நீதான் கண்டுபிடிச்சே" என்றார் மேஜர். "நாளைக்கு ஒரு ஸ்பேனர் கொண்டு வா."

*

திங்கட்கிழமை காலை குழுவை விமானக் கூடத்திலேயே கூட்ட வேண்டும் என்று மேஜர் கேட்டுக்கொண்டார். குழுத் தலைவர் ஜெனரல் ஒஸோர்கினுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் வந்தார். வெள்ளி நிறத்தில் பளபளத்த அந்தப் பெரிய விமானத்தின் அடியில் ஒரு மேசை போட்டு, சிவப்புத் துணி விரித்து, முத்திரையிட்ட பெட்டியை வைத்தார்கள். குழுவினர் ஐந்து பேர், குர்த்யூமொவ், வர்வாரா. பெரிய கதவுக்கு வெளியே ஒரு கறுப்பு வண்டி நின்றது. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மேஜர் பெட்டியைத் திறந்து பலகையை மேசையில் வைத்தார். குழுவிலிருந்த உலோக நிபுணரிடம், இதைப் பற்றி அவருடைய கருத்து இன்னும் அதேதானா என்று கேட்டார்.

"அதேதான்" என்றார் நிபுணர். "விளிம்பைப் பாருங்க, வளைவைப் பாருங்க. அசல் அமெரிக்க வேலை. இந்த மாதிரி வழவழப்பு நம்ம ஊர்ல வர இன்னும் பத்து வருஷமாவது ஆகும்."

மேஜர் தலையசைத்து, ஜெனரலின் அனுமதியோடு ரூஸ்தெமை விமானத்துக்குள் அனுப்பினார். உள்ளே கம்பளியைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. பிறகு போல்ட்டுகள் ஒவ்வொன்றாகத் தகரக் கிண்ணத்தில் விழும் சத்தம். குர்த்யூமொவ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தோழர் ஜெனரல், போர்ல நான் அமெரிக்க விமானிகளோட அஞ்சு மாசம் ஒரே தளத்துல இருந்தேன்" என்று மேஜர் தொடங்கினார். "அவங்க நாள் பூரா வாயில எதையோ மென்னுக்கிட்டே இருப்பாங்க. இனிப்பான ரப்பர். புதினா வாசனை அடிக்கும். சக்கை ஆனதும் மேசைக்கு அடியில, நாற்காலிக்கு அடியில, எங்க வேணா ஒட்டுவாங்க. காய்ஞ்சா கல்லு. ஏதோ ஒரு தொழிற்சாலையில ஒருத்தன் தப்பா ஒரு ஓட்டை போட்டுட்டான். காத்து போகுதுன்னு விமானி அதை வாயில இருந்ததை வச்சு அடைச்சான். வர்வாரா நிகிதிச்னா அப்படி ஒண்ணைக் கண்ணால கண்டதில்ல, கேட்டதும் இல்ல. காணாததை வாசனையோட கற்பனை பண்ண முடியாது. அதனால அமெரிக்கப் பலகையில ஓட்டை இருந்தது நிஜம்."

"இதுல இல்லையே" என்று ஜெனரல் மேசையைத் தட்டினார்.

"அங்கதான் நானும் நின்னேன். ரூஸ்தெம்தான் வழி காட்டினான்."

கையில் பலகையோடு இறங்கி வந்த ரூஸ்தெம், தன் பெயரைக் கேட்டுக் கடைசிப் படியில் தடுமாறினான்.

கிடங்கில் நடந்ததை மேஜர் சொன்னார். நாம் ஏழு எழுதினால் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு போடுவோம். ஒன்று எழுதினால் நெற்றியில் ஒரு சாய்கோடு இழுப்போம். அமெரிக்கர்களின் ஒன்று வெறும் குச்சி. அவர்களுடைய ஏழுக்கு இடுப்பில் கோடு கிடையாது. பார்த்தால் நம் ஒன்று போலவே இருக்கும். அதனால் கிடங்கே தலைகீழானது. ரூஸ்தெம் எடுத்த ஒவ்வொரு பாகத்தையும் தப்பாகப் படித்தான்.

"ஒரே ஒரு பலகையை மட்டும் திக்காமத் திணறாமப் படிச்சான். ஒரு ஒண்ணும் ரெண்டு ஏழும் இருக்கிற எண்ணை."

ஜெனரல் மேசையிலிருந்த பலகையைத் திருப்பினார். மஞ்சள் எழுத்தில் 1747. ஒன்றுக்கு நெற்றிச் சாய்கோடு, இரண்டு ஏழுக்கும் இடுப்பில் கோடு. அவர் அதை முன்பும் பலமுறை பார்த்திருந்தார். குழுவில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். சிறு வயதிலிருந்து எழுதும் எழுத்து என்பதால் யார் கண்ணையும் அது உறுத்தவில்லை.

"இதை எழுதினவர் மூலப்பலகையைப் பாத்து எழுதல" என்றார் மேஜர். "அப்போ அது அவர் கையில இல்ல. வர்வாரா நிகிதிச்னாவோட வரைபடத்துல இருந்த எண்ணைப் பாத்து எழுதினார். அது நம்ம கையெழுத்து."

ரூஸ்தெம் விமானத்திலிருந்து கழற்றிய பலகையை அதன் பக்கத்தில் வைத்து, பின்பக்கத்தைத் திருப்பினான். அங்கும் மஞ்சள் எழுத்து. ஒரு வெறும் குச்சி, ஒரு மொட்டை ஏழு, ஒரு நான்கு, இன்னொரு மொட்டை ஏழு. மூலையில் கால் அங்குல ஓட்டை. அதன் உள்விளிம்பில் சாம்பல் நிறத்தில் நூல் போல ஏதோ ஒட்டியிருந்தது. மேஜர் அதை நகத்தால் சுரண்டி ஜெனரலிடம் நீட்டினார். ஜெனரல் மூக்கருகே கொண்டு போனார். வெகுநேரம் முகர்ந்தார்.

"புதினா" என்றார்.

குர்த்யூமொவ் தானாகவே எழுந்து நின்றார். பெரிய குரல் எங்கோ போயிருந்தது. பட்டறையில் மூன்று பலகைகள் அடுத்தடுத்து விரிசல் விட்டுவிட்டன, தேதி நெருங்கிவிட்டது, அதனால் கிடங்கிலிருந்த அமெரிக்கப் பலகையையே எடுத்து மாட்டிவிட்டேன் என்றார். துளிகூட அரத்தால் ராவ வேண்டியிருக்கவில்லை, அப்படியே உட்கார்ந்தது. பிறகு கழற்ற நேரம் கிடைக்கவில்லை. கிடங்கில் காலி இடம் இருக்கக் கூடாதே என்று, பிறகு தேறி வந்த ஒன்றை, விமானத்தில் மாட்டாததால் கடைசி ஓட்டை போடாமலே... அதற்கு மேல் சொல்லாமல் நிறுத்தினார். ஓட்டை பிரச்சினையானபோது ஏன் வாயைத் திறக்கவில்லை என்று ஒருவர் கேட்டார். அவர் வர்வாரா இருந்த பக்கம் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்க கணக்கு தனி, க்ளேப் சவ்விச்" என்றார் ஜெனரல். பிறகு கூடத்தின் கதவருகே நின்ற காவலனைக் கூப்பிட்டு, வெளியே நிற்கும் வண்டியை அனுப்பிவிடச் சொன்னார். அது சேற்றில் உறுமி, ஒரு தடவை வழுக்கி, போய்விட்டது. வர்வாரா அந்தச் சத்தம் முழுக்க அடங்கும்வரை மூச்சு விடவில்லை.

ஜெனரல் உட்காரவில்லை. மேசையிலிருந்த ஓட்டையில்லாத பலகையைக் கையில் எடுத்தார். விளிம்பை விரலால் தடவினார். அமெரிக்கப் பலகையின் விளிம்பைத் தடவினார். மறுபடி இதை. அவருடைய முகத்தில் கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோ மெல்ல வந்துகொண்டிருந்தது. உலோக நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"மூணு வாரம்" என்றார் ஜெனரல். "பூதக்கண்ணாடி, தராசு, அமிலம் எல்லாம் வச்சு அஞ்சு பேர் பாத்தோம். பத்து வருஷம் ஆகும்னு இப்பக்கூட ஒருத்தர் சொன்னார். அப்ப இதை யார் செஞ்சது?"

மேஜர் பெர்த்னிக்கொவ், சொல்லுங்கள் என்பது போல, வர்வாராவின் பக்கம் திரும்பினார்.

அவள் எழுந்தாள். இந்த முறை அவள் குரல் கூடத்தின் கூரைவரை கேட்டது.

"நாம செஞ்சது, தோழர் ஜெனரல்."