இரட்டைநீக்கி

காலையில் கண் விழித்த பிறகு ஆவுடையப்பனின் தலை இயங்கத் தொடங்கப் பதினொரு நிமிடம் ஆகும். அதுவரை கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பார். தன் பெயர் மூன்றாவது நிமிடத்தில் ஞாபகம் வரும், கிழமை ஏழாவதில். செவ்வாய்க் கோளின் செங்குன்று நகரில் ஐம்பதைத் தாண்டிய பலருக்கும் இப்படித்தான் என்பதால் அவர் கவலைப்பட்டதில்லை.

அங்கே எல்லோர் காதுக்குப் பின்னாலும் மிளகளவில் ஒரு நினைவுச்சில்லு உண்டு. ஒருவர் கவனித்ததையும் வாயால் சொன்னதையும் அது பதிந்து வைக்கும். வேண்டிய சிறுநிரல்களையும் அதில் ஏற்றிக்கொள்ளலாம். இலவசமாகக் கிடைத்த எதையும் ஆவுடையப்பன் விட்டதில்லை. மண்டைக்குள் சுற்றும் பாட்டை நிறுத்த ஒன்று. எதிரே வருபவரின் பெயரைச் சொல்ல ஒன்று. மழை வருமா என்று பார்க்க ஒன்று; செவ்வாயில் மழையே கிடையாது. கைக்குழந்தையின் அழுகைக்கு அர்த்தம் சொல்லும் நிரலும் இன்னும் இருந்தது. மகள் வளர்ந்து வேறு நகரத்தில் பொறியாளராகி இரண்டு வருடம் ஆகிறது. இப்படி மொத்தம் முப்பத்து நான்கு; சில்லு நிரம்ப நிரம்பத் தலையும் மந்தமாகிக்கொண்டே வந்தது.

வேலையில்தான் வினை வந்தது. அவர் காற்றுக்கதவுக் காவலர். நகரத்துக்கும் காற்றில்லாத வெளிக்கும் நடுவே இரண்டு கதவுகள். ஒன்றைப் பூட்டிய பிறகுதான் மற்றதைத் திறக்க வேண்டும். ஒருநாள் பொத்தான்மேல் விரலை வைத்தபடி, எந்தக் கதவு என்று தெரியாமல் நான்கு நொடி அப்படியே நின்றுவிட்டார். நடுவில் மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள்.

“வெள்ளிக்கிழமை உங்களுக்கு வேகப் பரிசோதனை வெச்சிருக்கேன்,” என்றார் மேலாளர். “தேறலைன்னா காளான் பண்ணைக்குத்தான் மாத்தணும். தப்பா நினைக்காதீங்க.”

அன்றே அவர் தேடிப் பிடித்தது ‘இரட்டைநீக்கி’. ஒரே மாதிரியான நினைவுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடும்; இலவசம் என்று போட்டிருந்தது. கீழே நாற்பத்தொரு பக்க நிபந்தனைகள். அரை நொடியில் ‘முழுவதும் படித்தேன், சம்மதம்’ என்று அழுத்தினார். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் இருபத்தாறு வருட வேலைநாட்கள் ஒரே நாளாகச் சுருங்கிவிட்டன. பரிசோதனையில் இளைஞர்களை முந்திக்கொண்டு முதலாவதாக வந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவி கோமதி கீரை ஆய்ந்துகொண்டே, வழக்கம்போல் பனி நிலையத்துப் பேச்சை எடுத்தாள். அவள் இருபத்தைந்து வயதில் துருவப் பனி நிலையத்துக்கு ஆராய்ச்சியாளராகத் தேர்வான கதை. நகரத்திலேயே முதல் மதிப்பெண். ஆனால் போகவில்லை.

“ஏன் போகல?” என்று கேட்டார் ஆவுடையப்பன்.

கோமதியின் கை நின்றது.

“வண்டி கிளம்புற அன்னைக்கு உங்களுக்கு நூத்தி மூணு டிகிரி காய்ச்சல். விட்டுட்டுப் போக மனசு வரல.”

“எனக்கா? எனக்காகவா போகாம இருந்தே?” அவர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. “அப்புறம் என்ன ஆச்சு?”

கோமதி பயந்துபோனாள். கீரையை அப்படியே போட்டுவிட்டு, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருமுனையில் சில்லு பழுது பார்க்கும் நஸ்ரினிடம் ஓடினாள்.

“இவருக்கு என்னமோ ஆயிடுச்சும்மா. நான் பேசறதைக் கேக்கறாரு.”

நஸ்ரின் அவர் காதருகே கருவியை வைத்துத் திரையைப் பார்த்தாள். “இரட்டைநீக்கி போட்டிருக்காரு. அதான்.”

“என் கதையெல்லாம் அழிஞ்சு போச்சா? ஆயிரம் தடவை சொல்லியிருப்பேனே.”

“நீக்கினதெல்லாம் பதினஞ்சு நாள் தனியா இருக்கும். எடுத்துடலாம், பயப்படாதீங்க.” நஸ்ரின் தேடினாள். மறுபடி தேடினாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, வார்த்தையை எப்படி எடுப்பது என்று யோசித்தாள்.

“அக்கா, பனி நிலையம்னு ஒண்ணுமே நீக்கினதுல இல்ல.”

“அப்போ உள்ளயே இருக்கா?”

“அங்கயும் இல்ல. காதுல விழுந்ததுல கவனிச்சதைத்தானே சில்லு பதியும். உங்க கதை இவருக்குள்ள பதியவே இல்ல. இப்பதான் தலையில இடம் கிடைச்சு, முதல் தடவையா கேட்டிருக்காரு.” சற்றுத் தயங்கினாள். “ஆனா அந்தந்த நேரத்துல இவரு சொன்னது பதிஞ்சிருக்கு. ‘ம்’. ஒன்பதாயிரத்து நானூத்திப் பன்னிரண்டு ‘ம்’. ஒண்ணை வெச்சுக்கிட்டு மிச்சத்தை நீக்கியிருக்கு.”

ஆவுடையப்பன் செருப்பைப் பார்த்தார். கோமதி அவரைப் பார்த்தாள்.

“திருப்பி ஏத்தட்டுமா?” என்றாள் நஸ்ரின்.

“வேண்டாம். மிச்சம் இருக்கற அந்த ஒண்ணையும் எடுத்துடு.”

“எடுத்தா திரும்ப வராதுக்கா. அப்புறம் நீங்க எது சொன்னாலும் இவரு முழு வாக்கியமாத்தான் பதில் சொல்லியாகணும்.”

“சொல்லட்டும்.”

ஆவுடையப்பன் தலையசைத்தார். நஸ்ரின் அழித்தாள். “நீ எப்படிச் சொல்றியோ அப்படியே ஆகட்டும், கோமதி,” என்றார் அவர், முழு வாக்கியமாக. பிறகு நஸ்ரினிடம் தயங்கித் தயங்கி, “நான்கூட காற்றுக்கதவைப் பத்தி இத்தனை வருஷமா இவகிட்ட நிறையச் சொல்லியிருக்கேன்,” என்றார்.

“அப்படியா?” என்றாள் கோமதி.

நஸ்ரினின் பார்வை மெதுவாக அவள் பக்கம் திரும்பியது. “உங்களுக்கும் ஒருதரம் பாத்துடலாமா அக்கா? பாக்கறதுக்குக் காசு வேண்டாம், இலவசந்தான்.”

கோமதி சேலைத் தலைப்பை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள். “எனக்கெதுக்கும்மா அதெல்லாம்? கீரை வாடிடும்,” என்று சொல்லிவிட்டு, கணவருக்குக்கூடக் காத்திராமல் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள்.