பாழ்மலையில் சொன்ன பொலி

எல்லாரும் நின்ற பிறகு இன்னொரு காலடி விழுந்தது.

நேசராணி குனிந்து, கணுக்காலில் ஏறியிருந்த அட்டையைச் சவர்க்காரக் கட்டியால் உரசித் தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் நின்றதைப் பார்த்துப் பின்னால் வந்த மூன்று பேரும் நின்றுவிட்டார்கள். அதற்கு அப்புறம்தான் அந்தச் சத்தம் கேட்டது. வரிசையின் கடைசியில் நின்ற அவள் மகள் றொஷேலுக்கும் பின்னால், ஊறிப்போன மண்ணில் ஒரு வெறுங்கால் அழுந்தி, மெதுவாக உருவிக்கொள்கிற சத்தம். அவர்கள் நாலு பேரும் சப்பாத்து போட்டிருந்தார்கள்.

"மாடு மேயுதோ அக்கா?" என்று கேட்டான் முன்ஸிப்.

"மேயும், மேயும். நடங்க தம்பி."

அந்தப் பக்கம் யாரும் மாடு ஓட்டிப் போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் கூட்டிவந்த ஆளைப் பயமுறுத்தக் கூடாது, பாருங்கள்.

நேசராணி ஹாலிஎலைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவள். வேலையில்லாத நாட்களில், மலையேறிப் பார்க்க வருகிறவர்களுக்குப் பாதை காட்டுவாள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே இறங்கி, கைவிட்டுப்போன தேயிலை மலையைக் கடந்து, பாறையை அறுத்துக்கொண்டு ஓடும் ஆற்றின் விளிம்போடு நடந்து, நாணல் அடர்ந்த சதுப்பைத் தாண்டி, தொங்கு பாலத்தில் ஏறிவிட்டால் அந்தக் கரையில் பதுளை ரோடு. அன்றைக்கு வந்தவர்கள் முன்ஸிப்பும் அவன் மனைவி அஸ்னாவும். டவுனில் போன் கடை வைத்திருக்கிற புதுத் தம்பதி. கூடவே றொஷேல். கொழும்பில் உடுப்புக்கடையில் வேலை செய்கிற பிள்ளை, லீவுக்கு வந்த இடத்தில், "நானும் வாறேம்மா, உங்ககூட நடந்து எவ்வளவு நாளாச்சு" என்று கிளம்பிவிட்டாள். புருஷன் போன பிறகு நேசராணிக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே உசிரு அவள்தான்.

தப்பு நடந்தது மேலே, அந்தத் தேயிலை மலையில்.

"அக்கா, கொழுந்து எடுக்கத் தொடங்கக்குள்ள எல்லாரும் சேந்து ஒரு சத்தம் போடுவீங்களாமே, அத ஒருக்கா செஞ்சு காட்டுங்களேன்," என்று முன்ஸிப் போனைத் தூக்கிப் பிடித்தான்.

"இவருக்கு வீடியோ பைத்தியம் அக்கா," என்றாள் அஸ்னா. "கலியாண நாளண்டும் என்னைய பாக்கல்ல, கெமராவத்தான் பாத்துக்கொண்டு இருந்தார்."

"கெமராவுல நீங்க வடிவா விழுந்தீங்க, அதான்!"

றொஷேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "காட்டுங்கம்மா. நாளைக்கு நீங்க ஃபேமஸ்."

தோட்டத்தில் ஒரு மலையில் கொழுந்தெடுக்க இறங்கும்போது, முதல் கொழுந்தைக் கூடையில் போட்டு, நிரை பிடித்து நிற்கிற பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் "பொலி, பொலி" என்பார்கள். பெருகட்டும், கூடை நிறையட்டும் என்று கேட்கிற வார்த்தை அது. ஆனால் இந்த மலையில் அதை யாரும் சொல்வதில்லை. நேசராணி பிறப்பதற்கு முன்னால், அடைமழையில், கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்களோடு இந்த மலை சரிந்து போய் ஆற்றை அடைத்தது. அடைபட்ட தண்ணீர் தேங்கித்தான் கீழே சதுப்பானது. எல்லாப் பெண்களையும் தோண்டி எடுக்க முடியவில்லை. இருக்கிறதைத்தானே பெருகச் சொல்லிக் கேட்போம்? அங்கே இருப்பது என்ன?

இது தெரிந்தவள்தான் அவள். ஆனால் பிள்ளை இத்தனை நாள் கழித்துச் சிரிக்கிறாளே என்று, மரமாய் வளர்ந்துவிட்ட தேயிலைக் கிளை ஒன்றை வளைத்து, ஒரு கொழுந்தைக் கிள்ளி, "பொலி!" என்றாள். நிரையில் நிற்கிறவள் பதில் சொல்வதுதான் வழக்கம் என்பதால் றொஷேல், "பொலியோ பொலி!" என்று கூவினாள்.

கீழே, நாணல் பக்கமிருந்து, நிறையப் பெண்கள் வாய்க்குள்ளேயே சொன்னதுபோல் அது திரும்பி வந்தது.

"சா, நல்ல எக்கோ," என்றான் முன்ஸிப்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு, நேசராணி யாருக்கும் தெரியாமல் சிலுவை போட்டுக்கொண்டாள்.

இப்போது ஆற்று விளிம்பில், பின்னேர வெயில் இருக்கும்போதே, பள்ளத்திலிருந்து பனி மேலேறி வந்தது. முதலில் அக்கரைப் பாறை மறைந்தது, பிறகு ஆறு மறைந்து அதன் இரைச்சல் மட்டும் மிஞ்சியது, பிறகு தன் கையையே நீட்டினால் விரல் நுனி தெரியாத அளவுக்கு வெள்ளை வந்து மூடியது. ஈரச் சாக்கும் பச்சைத் தேயிலையும் புளித்த சேறும் கலந்த, கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் மழை நாளில் அடிக்கிற வாடை அந்தப் பனிக்குள் இருந்தது. மடுவம் இருப்பதோ மலைக்கு மேலே, வெகு தூரத்தில்.

பாதை ஒற்றையடி. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஆட்களைக் கூட்டிப்போகும்போது பாதை தெரிந்தவர் ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் இருக்க வேண்டும் என்று, றொஷேலைக் கடைசியில் விட்டது நேசராணிதான். திரும்பிப் போய் அவளைத் தொட வேண்டும் போல் இருந்தது. நடுவில் இரண்டு பேர். விலக இடமில்லை.

"கையப் புடிச்சுக்குங்க. ஒருத்தர ஒருத்தர் விடாதீங்க. றொஷேல்!"

"என்னம்மா?"

"தம்பி கையப் புடிச்சுக்க புள்ள."

அஸ்னாவின் கை அவள் கைக்குள் வந்தது. சின்னக் கை, வேர்வையில் நனைந்து வழுக்கியது. நடந்தார்கள். சதுப்பு தொடங்கும் இடத்தில் தரை மாறியது. காலுக்குக் கீழே பலகை, பலகைக்குக் கீழே தண்ணீர், தண்ணீருக்குக் கீழே மென்மையாக ஏதோ. இரண்டு பக்கமும் நாணல் உரசியது. நாணல் மட்டுமா? நேசராணியின் காதுக்கு அது நன்றாகப் பழக்கமான சத்தம். கொழுந்தெடுக்கிற பெண்கள் இடுப்பில் கட்டுகிற நனைந்த படங்கு செடியில் உரசிப் போகிற சத்தம். அவர்கள் நடந்தால் நடந்தது. பக்கத்திலேயே. நிரை பிடித்து.

"றொஷேல் தங்கச்சி," என்றான் முன்ஸிப், கொஞ்சம் எரிச்சலாக. "கைய ரெண்டு கையால புடிச்சு இழுக்காதீங்க, எனக்கு நடக்க ஏலாம இருக்கு."

பின்னால் வெகுதூரத்திலிருந்து பதில் வந்தது.

"அண்ணே, நான் உங்க கையப் புடிக்கவே இல்லியே. நீங்க எல்லாரும் எங்க இருக்கீங்க?"

முன்ஸிப் கையை உதறியது அஸ்னாவின் கை வழியாகத் தெரிந்தது. அவள் முணுமுணுப்பாக ஓதத் தொடங்கினாள்.

"றொஷேல்!" நேசராணி கத்தினாள்.

"என்னம்மா?" பின்னாலிருந்து.

"என்னம்மா?" நாணலுக்குள்ளிருந்து.

"என்னம்மா?" ஆற்றுப் பக்கமிருந்து, காலூன்ற இடமே இல்லாத பக்கமிருந்து.

ஒரே குரல். அவள் பெற்ற குரல். காய்ச்சல் ராத்திரிகளில் பெட்சீட்டுக்குள்ளிருந்து கூப்பிட்ட குரல்.

ஓடினார்கள். பலகை தடதடத்தது. அவர்களுடையதைவிட அதிகமான கால்கள். பாலத்தின் கம்பி அவள் கையில் பட்டது, குளிர்ந்து, துருப்பிடித்து. அஸ்னாவைத் தள்ளினாள். முன்ஸிப்பைத் தள்ளினாள்.

"போங்க! ரோட்டுக்குப் போங்க!"

"நீங்க அக்கா?"

"என் புள்ள வரல்லயே!"

பாலம் ஆடி அடங்கியது. நேசராணி இந்தக் கரையில் நின்றாள். பாலத்தருகே பனி கொஞ்சம் விலகியிருந்தது. மாதாவே. என் தாயே. என் பிள்ளையைக் கொடுத்துவிடு.

பனிக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் மழைக்கோட்டு வந்தது. றொஷேல். முடி கன்னத்தில் ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கியது. நேசராணி பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள்.

"வந்துட்டியா தங்கம். வந்துட்டியா."

"வந்துட்டேம்மா."

அவள் தோளுக்குப் பின்னால் இன்னொரு மஞ்சள் கோட்டு வந்தது. றொஷேல். முடி கன்னத்தில் ஒட்டியிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொருத்தி. பக்கத்தில் இன்னொருத்தி. நாணலை விலக்கிக்கொண்டு, சேற்றிலிருந்து முழங்காலை உருவிக்கொண்டு, ஒருத்தி பின் ஒருத்தியாக வந்து கரையோரம் தோளோடு தோள் நின்றார்கள். எல்லாக் கன்னத்திலும் அதே மச்சம். எல்லாக் கண்ணும் அம்மாவைப் பார்த்தது.

நேசராணிக்கு ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

"உங்கப்பா... உங்கப்பா உன்னைய என்னான்னு கூப்புடுவாரு?"

"பூச்சிக்குட்டி," என்றார்கள் எல்லாரும்.

எல்லாரும் அழுதார்கள். "அம்மா, நான்தாம்மா."

பெற்றவளுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள், கண்ணுகளா. அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள், அந்த நிமிஷம் வரைக்கும். கையைப் பார்த்தாள். முதலில் வந்தவள். முதலில் தொட்டவள். கை சூடாக இருந்தது, உயிருள்ள கை. இதுதான். இதுவாகத்தான் இருக்கும். அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு பாலத்தில் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பலகை. இன்னொரு பலகை.

கரையில் அழுகை நின்றது. எல்லாம் ஒரேயடியாக.

ஒருத்தி மட்டும் கத்தினாள்.

"அம்மா! அது நானில்லம்மா! என்னைய விட்டுட்டுப் போறீங்களே, அம்மா!"

நேசராணி திரும்பினாள். வரிசை அசையாமல் நின்றது. அத்தனை முகமும் இப்போது அமைதியாக, வேலை முடிந்த பெண்களின் முகம்போல் இருந்தது. நடுவில் ஒரு முகம் மட்டும் வாய் பிளந்து, கண் பிதுங்கி, கைகளை நீட்டித் திமிறியது. இரண்டு பக்கமும் நின்றவர்கள் அவளை இடுப்போடு அணைத்திருந்தார்கள், கூடப் பிறந்தவர்கள்போல் அத்தனை பிரியமாக. அணைத்தபடியே, கொஞ்சம் கொஞ்சமாக, எல்லாரும் பின்னால் அடியெடுத்து வைத்தார்கள். நாணலுக்குள். சேற்றுக்குள்.

நேசராணி கையை உதறினாள். வரவில்லை. மறுபடி உதறினாள். அவள் விரல்களுக்குள் அந்த விரல்கள் வேர்போல் இறங்கியிருந்தன.

"வாங்கம்மா," என்றது அது, றொஷேலின் வாயால், தலையைச் சாய்த்து, பாசமாக. "நாம வீட்டுக்குப் போவோம்."

கரையில், இடுப்பளவு சேற்றில், அவள் மகள் இன்னும் கத்திக்கொண்டிருந்தாள்.