கிடைத்தது என்றொரு பதில்

மூன்று நாளாய் போனிலேயே சண்டை. மழையில் நனைந்து ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறைக்குள் நுழைந்தபோதுதான் அவளை முதன்முதலாகப் பார்த்தான். அந்தக் குரலுக்கு இப்படி இரண்டு கண்கள் இருக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை...

“நெட்வொர்க் சாரா? வாங்க. என் மெஷின் மேல பழி போட நேர்லயே வந்துட்டீங்களா?”

அவள் எடுக்கும் ஸ்கேன் படங்கள் ஈமெயிலில் வெளியூர் நிபுணருக்குப் போக வேண்டும். இரண்டு வரிக் கடிதம் நொடியில் போனது. படத்தை இணைத்தால் பாதியில் நின்றது. எங்கள் பக்கம் கோளாறில்லை, அவர்களுக்கு அனுப்பத் தெரியவில்லை என்று அவன் எழுதிக் கொடுத்திருந்தான். மேலதிகாரியிடம் திட்டு வாங்கியது அவள்.

அரை மணியில் கோளாறு பிடிபட்டது. படம் பொட்டலம் பொட்டலமாகத்தான் போகும்; கிடைத்தது என்று பதில் வர வர அடுத்தடுத்தது கிளம்பும். வழியில் ஓரிடம் குறுகல். அங்கே நுழையாத பொட்டலத்துக்கு, பெரிசு, சின்னதாக்கி அனுப்பு என்று தகவல் திரும்பி வரும். அந்தத் தகவலை வேண்டாததென்று போன வாரம் நெட்வொர்க்கின் வாசலிலேயே தடுத்து வைத்தவன் அவனேதான். பாவம், அவள் கணினி அதே பொட்டலத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பிவிட்டு, கிடைத்தது என்ற பதிலுக்குக் காத்துக் கிடந்தது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

தடுக்கச் சொல்லித் தான் எழுதியிருந்த ஒரே ஒரு வரியை அழித்தான். படம் போய்ச் சேர்ந்தது. அவள் சிரித்தாள்... முதல் சிரிப்பு. ரீஸ்டார்ட் செய்தேன், சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

“தப்பு என்னோடது” என்றான்.

எல்லாவற்றையும் விளக்கினான். அவள் எதிரிலேயே அவளுடைய மேலதிகாரிக்கும் போன் செய்து சொன்னான். அந்தப் பக்கமிருந்து விழுந்த வசவு அவளுக்கும் கேட்டது.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடி ஜன்னலில் மழை கோடு கோடாய் இறங்கியது.

“திட்டிடுங்க. ஒண்ணும் சொல்லாம இருக்காதீங்க. வேண்டாம்னாலும் வேண்டாம்னு...”

“எது வேண்டாம்னு?”

அவன் காது சிவந்தது. “இந்த மூணு நாளும்... உங்க போன் வராதான்னுதான் நான்... இனிமே கோளாறும் இல்ல, அதனால...”

அதற்கு மேல் வரவில்லை.

“பெரிசா அனுப்பாதீங்க” என்றாள் அவள். கண்ணில் குறும்பு. “பாதியில நிக்குது பாருங்க. சின்னதா.”

அவன் மூச்சை இழுத்து விட்டான்.

“பிடிச்சிருக்கு.”

அவள் குனிந்துகொண்டாள்.

“கிடைச்சுது...” என்றாள். “அடுத்தது?”