அட்டையில் வெட்டிய நட்டு

பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர் நட்டின்மேல் ஏறவில்லை. பதினான்காம் நம்பர் ஏறியது. ஆனால் அப்பாவின் செருப்பில் கால் விட்ட குழந்தை போல லொடலொடவென்று ஆடியது.

“பதிமூணரைன்னு எவனாவது செய்யறானாடா?” என்று கேட்டாள் அம்மா.

“செஞ்சிருந்தா நம்ம பெட்டியில இருந்திருக்கும்,” என்றார் மாமா.

அந்தப் பட்டறையில் அம்மாதான் மெக்கானிக். மாமா அவளுடைய தம்பி. அம்மா நிதானமாகக் கழற்றுவாள், மாமா அவசரமாகக் கழற்றுவார். இருவருக்கும் நடுவில் நிற்பவள் அம்மாவின் மகள். எந்தச் சந்துக்குள்ளும் கையை விட்டு, விழுந்த திருகாணியை எடுத்துக் கொடுத்துவிடுவாள். அதனால் மாமா அவளுக்குக் ‘குண்டூசி’ என்று பெயர் வைத்திருந்தார். பள்ளியிலும் அதுவே பரவிவிட்டது.

பட்டறையில் நின்றது சாதாரண வண்டி இல்லை. நீண்ட மூக்கு, தவளைக் கண் விளக்குகள், கம்பி வைத்த சக்கரங்கள். அம்மா பிறப்பதற்கு முன்பே கப்பலில் வந்து இறங்கியதாம். பல் டாக்டருடைய அப்பா ஓட்டிய கார். இஞ்சினுக்குள் எதுவோ ‘டக், டக்’ என்று தட்டுகிறது, என்னவென்று பாருங்கள் என்று டாக்டர் விட்டுவிட்டுப் போயிருந்தார். பார்க்க வேண்டுமென்றால் இஞ்சின் மேல் மூடியைத் திறக்க வேண்டும். மூடியை இரண்டு நட்டுகள் பிடித்திருந்தன. இரண்டும் ஒரே அளவு. இரண்டும் ஒரே பிடிவாதம்.

“உளியை வெச்சு ரெண்டு தட்டு தட்டினா வந்துரும்க்கா,” என்றார் மாமா.

“நட்டு போனா போகட்டும். அது நிக்கிற தண்டு உடைஞ்சா? இஞ்சின் தலையில விரிசல் விட்டா? இந்த வண்டிக்கு வேற தலையை நான் எங்க போய்த் தேடுவேன்?”

“அப்ப சாயங்காலம் டாக்டர் வந்து நிப்பாரே, என்ன சொல்லப் போற? மூடியைத் துடைச்சு வெச்சிருக்கேன், அழகா இருக்கு பாருங்கன்னா?”

மாமா கையைக் கழுவிக்கொண்டார்.

“நான் சாப்பிட்டு வரேன். அதுக்குள்ள ஒரு வழி தெரிஞ்சா சரி. இல்லன்னா உளிதான்.”

அதற்கு அம்மா ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்தால் சரி என்று அர்த்தம். காலையில் குண்டூசி அந்த இஞ்சினின் மூடிமேல் காதை வைத்துப் பார்த்திருந்தாள். ஓடாத இஞ்சின்தான். ஆனாலும் உள்ளே யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோலத் தோன்றியது. அதன் தலையிலா உளி?

“அம்மா, மாமா சாப்பிட நேரமாகுமா?”

“இன்னைக்குச் சமைச்சது அவனேதான். ரொம்ப ரசிச்சுச் சாப்பிடுவான்.”

குண்டூசி யோசித்தாள். கடை கடையாகப் போய்க் கேட்கலாம். ஆனால் என்னவென்று கேட்பது? பதிமூன்றுக்கும் பதினான்குக்கும் நடுவில் ஒன்று கொடுங்கள் என்றால் சிரிப்பார்கள். இஞ்சினைத் தூக்கிக்கொண்டும் போக முடியாது.

அப்போதுதான் அம்மா பேக்கிங் வெட்டும் விதம் நினைவுக்கு வந்தது. எண்ணெய் ஒழுகாமல் இருக்க, இரண்டு இரும்புகளுக்கு நடுவில் வைக்கிற அட்டைதான் பேக்கிங். அம்மா அதை அளந்து வெட்ட மாட்டாள். அட்டையை இரும்பின்மேல் வைத்து, ஓரத்திலேயே சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டு போவாள். இரும்பின் விளிம்பே அட்டையை வெட்டிவிடும்.

குண்டூசி ஒரு துண்டு அட்டையை நட்டின்மேல் வைத்தாள். டொக், டொக், டொக். ஆறு பக்கமும் தட்டினாள். அட்டையிலிருந்து ஆறு மூலையோடு ஒரு துண்டு அவள் உள்ளங்கையில் உதிர்ந்தது. அதைப் பதிமூன்றில் வைத்துப் பார்த்தாள், போகவில்லை. பதினான்கில் வைத்தாள், ஆடியது.

“அம்மா, நட்டு என் கையில இருக்கு. நான் போய் இதுக்கு ஒரு ஸ்பேனர் வாய் தேடிட்டு வரேன்.”

அம்மா அதை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு அவளையும் ஒரு பார்வை பார்த்தாள். “ரோட்டைப் பாத்துப் போ,” என்று மட்டும் சொன்னாள்.

சைக்கிள் கடைக்காரர் தன் ஸ்பேனர்களை எல்லாம் போட்டுப் பார்த்தார். ஒன்றும் சேரவில்லை. “உங்கம்மாகிட்ட இல்லாதது என்கிட்டயா இருக்கும்?” என்றார். தண்ணீர் மோட்டார் கடையில் அட்டையைப் பார்த்துவிட்டு, “விளையாடற நேரமா இது?” என்று துரத்தினார்கள்.

தெருமுனையில் குண்டூசி நின்றுவிட்டாள். இந்த நேரம் மாமா தட்டைக் கழுவிக்கொண்டிருப்பார்.

‘தடக்... சீக். தடக்... சீக்.’

எதிர்க் கட்டடத்திலிருந்து சத்தம் வந்தது. அச்சகம். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். ஆளுயரச் சக்கரம் ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. கறுப்பு இரும்பு வாய் ஒன்று திறந்து திறந்து மூடியது. திறக்கும்போது ஓர் அம்மாள் காகித உறையை உள்ளே வைத்தார். மூடித் திறப்பதற்குள் உறையில் எழுத்து வந்துவிட்டது. இரும்பு மூச்சு விடுவதுபோல இருந்தது. குண்டூசி இமைக்க மறந்தாள்.

இதுவும் அந்தக் காரைப் போலவே பழசு. அப்படியானால் இதன் நட்டுகளும்? இதுவரை ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தோமே, நட்டின் கூடப்பிறந்தவர்களைத் தேடியிருக்க வேண்டாமா?

“யாரது ஜன்னல்ல? வெளிச்சம் மறைக்குது,” என்றார் அச்சகத்து அம்மாள்.

“மிஷினை நிறுத்தினதும் இதோட நட்டைத் தொட்டுப் பாத்துக்கட்டுமா?”

“இதென்ன பூனைக்குட்டியா, தொட்டுப் பாக்க?”

குண்டூசி மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கார், மூடி, உளி, மாமாவின் சாப்பாடு. அந்த அம்மாளின் கை உறை வைப்பதை நிறுத்தவில்லை. ஆனால் உளி என்றதும் முகம் சுருங்கியது. மிஷினை நிறுத்தினார்.

“பாரு. சீக்கிரம்.”

மிஷினின் காலருகே இருந்த நட்டின்மேல் குண்டூசி அட்டைத் துண்டை வைத்தாள். மூலைக்கு மூலை, பக்கத்துக்குப் பக்கம் பொருந்தியது. எங்கோ செய்த கார், எங்கோ செய்த அச்சு மிஷின். இரண்டின் நட்டுகளும் இப்போது அவள் விரலுக்கடியில் ஒன்றாக இருந்தன. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

“இதுக்கு ஸ்பேனர் வெச்சிருக்கீங்களா?”

“வெச்சிருக்கேன். ஆனா அது இந்த வாசலைத் தாண்டாது. போன தடவை தாண்டினது திரும்பி வரவே இல்ல. இது எனக்குக் கடைசி.”

“அப்ப நீங்களும் அதோட வாங்க.”

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இந்த உறையெல்லாம் ஈரமா கிடக்கு. அடுக்கினா மை ஒட்டிக்கும். பரப்பி வெச்சிட்டுத்தான் வர முடியும்.”

சொல்லி முடிக்கவில்லை, குண்டூசி பரப்பத் தொடங்கிவிட்டாள். ஓரத்தை மட்டும் பிடித்து, எழுத்தைத் தொடாமல், பலகை முழுவதும் விரித்தாள். ஒன்றில்கூட மை ஈஷவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அந்த அம்மாள் ஆணியில் தொங்கிய ஸ்பேனரை எடுத்தார்.

பட்டறைக்கு வந்தபோது மாமா உளியை நட்டின்மேல் வைத்துச் சாய்வு பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வேறு பக்கம் திரும்பி நின்றாள்.

“மாமா, இறக்குங்க,” என்றாள் குண்டூசி. அவளுக்கு மூச்சு வாங்கியது.

மாமா ஸ்பேனரை வாங்கித் துடைத்து, அதில் பொறித்திருந்ததைப் படித்தார். “கால் இஞ்சுன்னு போட்டிருக்கு. கால் இஞ்சுன்னா ஆறு மில்லிதான். நமக்கு வேண்டியது பதிமூணரை. இதைத் தூக்கிக்கிட்டா ரெண்டு பேரும் ஓடி வந்தீங்க?”

“நான் இதுவரைக்கும் அந்த நம்பரைப் படிச்சதே இல்ல. கழட்டத்தான் எடுப்பேன்,” என்றார் அச்சகத்து அம்மாள்.

குண்டூசி அட்டைத் துண்டை ஸ்பேனரின் வாயில் வைத்தாள். அது போய் உட்கார்ந்தது. தலைகீழாகப் பிடித்தும் விழவில்லை.

அம்மா கிட்டே வந்தாள். “வாய் சொல்றதைக் கேளுடா. நம்பர் என்ன வேணா சொல்லிட்டுப் போகட்டும். குண்டூசி, நீயே மாட்டு.”

குண்டூசி மாட்டினாள். ‘தொக்’ என்று ஒரு சின்னச் சத்தம். ஆட்டம் இல்லை, இறுக்கமும் இல்லை. அம்மா கைப்பிடியில் கையை வைத்து மெல்ல, மிக மெல்ல இழுத்தாள். எல்லாரும் தங்கள் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். நட்டு ஒரு முறை முனகியது. பிறகு சுற்றியது.

மாமா உளியைத் தன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்.

இரண்டாவது நட்டும் வந்தது. உள்ளிருந்த தண்டின் கனத்தை அம்மா அளந்தாள். சரியாகக் கால் இஞ்சு. “அடடே, அந்தக் காலத்துல நட்டோட அகலத்தை அளக்கல. உள்ள போற தண்டை அளந்து எழுதியிருக்காங்க,” என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல.

மூடியைத் தூக்கினார்கள்.

உள்ளே எண்ணெய் தேன் நிறத்தில் மின்னியது. ஒரு நீளக் கம்பியில் இரும்புக் கைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு கைக்கும் கீழே ஒரு சுருள் வில். வெளியே அத்தனை துரு, உள்ளே ஒரு புள்ளி துரு இல்லை. எத்தனையோ வருஷம் இருட்டில் இருந்த அந்த இரும்பின்மேல் குண்டூசியின் முகம் குட்டி குட்டியாகத் தெரிந்தது.

ஓர் இரும்புக் கைக்கும் அதன் வில்லுக்கும் நடுவில் மட்டும் இடைவெளி கூடிப்போயிருந்தது. ‘டக், டக்’ என்று தட்டியது அதுதான். அம்மா அதைச் சரிசெய்தாள். “மூடுறதுக்கு முன்னால ஒரு தடவை ஓட்டிப் பாத்துடுவோம். யாரும் கையைக் கிட்ட கொண்டுபோகாதீங்க.”

மாமா வண்டியில் ஏறி உட்கார்ந்து கிளப்பினார். இஞ்சின் இருமியது, செருமியது, பிறகு ஓடத் தொடங்கியது. இரும்புக் கைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலையாட்டின. ஒன்று குனிந்தால் இன்னொன்று நிமிர்ந்தது. எதுவும் எதோடும் இடிக்கவில்லை. துளித்துளியாக எண்ணெய் எழும்பி, மாலை வெயிலில் பொன்போல மின்னி விழுந்தது.

“என் மிஷினுக்குத் தங்கச்சி இருக்குன்னு இத்தனை நாள் எனக்குத் தெரியாதே,” என்றார் அச்சகத்து அம்மாள் மெதுவாக. ஸ்பேனரைத் திருப்பி வாங்கக்கூட அவருக்கு ஞாபகம் இல்லை.

மாமா இறங்கி வந்து குண்டூசியின் பக்கத்தில் நின்றார். அவர் சட்டையில் எண்ணெய் தெறித்தது. அவர் நகரவில்லை.

“மூடணும்,” என்றாள் அம்மா.

“மூடலாம்க்கா,” என்றார் மாமா.

மூடி அம்மாவின் கையிலேயே இருந்தது. திறக்கத்தான் அத்தனை பாடு பட்டார்கள். மூடத்தான் ஒருவருக்கும் மனம் வரவில்லை.