பத்துப் பொருத்தமும் ஒரு குறையும்

செவ்வாய்க் கிரகத்திலேயே பிறந்தவர்களுக்குச் செவ்வாய் தோஷம் பார்த்து என்ன ஆகப்போகிறது? குடியேற்றத்தில் ஜாதகத்தைத் தலைமுழுகிவிட்டார்கள். அதற்காகப் பொருத்தம் பார்க்காமல் விட்டுவிடுவார்களா? பெண் பார்க்க வருகிறவர்கள் பஜ்ஜியைத் தொடுமுன் பெண்ணின் மணிக்கட்டில் தோல்மானியை வைத்தார்கள். உடம்பிலுள்ள செம்பு, துத்தநாகம், செலினியம், கேட்டலேஸ் நொதி என்று பத்துப் பொருத்தமும் திரையில் வந்துவிடும்.

இமையரசிக்கு அந்தக் கருவியைக் கண்டாலே குலை நடுங்கும். சிறு வயதில் உதட்டோரம் தொடங்கிய வெண்திட்டு முகம், கழுத்து என்று பரவியிருந்தது. தோலில் சேரும் நச்சு ஆக்சிஜனைத் தணிக்க நொதிகள் போதவில்லை, நிறமணுக்கள் மடிகின்றன என்றார் மருத்துவர் சபீனா. தொற்றாது என்றும் சொன்னார். யார் கேட்டார்கள்? ஒரே குவிமாடத்தின் காற்றை எல்லோரும் சுவாசித்தார்கள். அவள் குடித்த தம்ளரை மட்டும் ஒதுக்கி வைத்தார்கள். பாவம், வந்த வரனெல்லாம் தட்டிப்போனது.

கடைசியில் அவள் தோளில் நொதியூற்றைப் பதித்தார்கள். தாதுக்களையும் நொதிகளையும் அதுவே அளந்து சுரந்தது. திட்டுகள் மறைந்து, வெல்லப்பாகு போன்ற அவளுடைய சொந்த நிறம் திரும்பியது.

இன்று வந்திருந்த மாப்பிள்ளையின் தாய் மங்களாம்பிகை தோல்மானியைப் பார்த்துப் பூரித்தாள். "பத்தும் பொருந்துதுங்க!" பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். "பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மியோ?"

இமையரசியின் அப்பா தணிகைவேல் பதறிப்போய், எப்படி இருந்தவள் நொதியூற்றால் எப்படி ஆகிவிட்டாள் பாருங்கள் என்று பழைய படத்தைக் காட்டினார். சும்மா இருந்திருக்கலாம்.

"அடடா, இந்தக் கன்னம் என்ன வெளுப்பு! இதப் போயி ஏங்க மாத்துனீங்க?"

"அது வியாதிங்க."

"திட்டுத் திட்டா இருந்தாத்தான் வியாதி. உடம்பு பூரா பரவிட்டா நிறந்தானே? அந்த நொதியூத்த நிறுத்திடுங்க. பொருத்தந்தான் பாத்தாச்சே!"

மறுநாளே தணிகைவேல் மகளை அழைத்துக்கொண்டு சபீனாவிடம் போனார்.

"நிறுத்தலாம்," என்றார் சபீனா. "ஆனா வெளுப்பு எங்க வரும், எங்க நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. மறுபடி திட்டாவே நின்னுட்டா?"

தணிகைவேல் மகளைப் பார்த்தார்.

"நிறுத்திடுங்க டாக்டர்," என்றாள் இமையரசி. "எனக்கு அலுத்துப்போச்சு." அழக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

சபீனா பெருமூச்சு விட்டார். "அப்ப வெளிய வரிசையில நில்லும்மா."

வெளியே வரிசை நீண்டிருந்தது. அதில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு வெண்திட்டே வந்ததில்லை. அந்த நோயைக் கேட்டு வாங்கிப் போகத்தான் வந்திருந்தார்கள்.