சிவப்புப் பொட்டு வைத்த மேகசின்

"குத்தத்தை ஒத்துக்க மாட்டேன். அவ்வளவுதான். அந்த வக்கீல் பையன்கிட்டயும் அதைத்தான் சொன்னேன், உங்ககிட்டயும் அதைத்தான் சொல்றேன்."

"ஒத்துக்கிட்டா ஜெயில் இல்லைன்னு சொல்றாரே, மிஸ் வெர்டெல்?" என்றாள் கார்லிஸ்.

"ஜெயில் இல்லை. கடையும் இல்லை. இனிமே சாகுற வரைக்கும் கையில துப்பாக்கியும் இல்லை. இந்த டேட்டன் ஊர்ல, ராத்திரி கல்லாவை மூடிட்டுத் தனியா வீட்டுக்குப் போறவ நான். எதை நம்பிப் போறது? ராய்ஸ் பெட்டிபோனோட நல்ல மனசையா?"

வெர்டெல் டிப்ஸ், துணி துவைக்கும் கடை நடத்துபவள். மேசையில் அவள் தட்டிய விரல்களில் சிவப்பு நெயில் பாலிஷ் பாதி உதிர்ந்திருந்தது. எதிரே ஹார்லன் மாக்பீ காப்பியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். ஒருகாலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கணக்குகளைப் பிடித்தவர். இப்போது வக்கீல்களுக்காகத் துப்பறிகிறார். அவரிடம் வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆன கார்லிஸுக்கு, அவர் இப்படி நிதானமாகக் குடிப்பதைப் பார்த்தாலே கால் துடிக்கும்.

விஷயம் இதுதான். கடைக் கட்டடத்தின் சொந்தக்காரன் ராய்ஸ். போன வியாழக்கிழமை சாயங்காலம் அவனுடைய பிக்கப் வண்டியின் கதவில் மூன்று குண்டுகள் பாய்ந்தன. வெர்டெல் கடை வாசலில் நின்று, கார் நிறுத்தும் இடத்துக்குக் குறுக்கே தன்னைச் சுட்டாள் என்பது அவன் வாக்குமூலம். கடைக்குப் பின்னால் குப்பைத் தொட்டியில் அவளுடைய துப்பாக்கி கிடைத்தது. வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு: வாடகைக்கு இருப்பவர் அங்கே குற்றம் செய்தால் ஒப்பந்தம் ரத்து; கடை ராய்ஸ் கைக்குப் போய்விடும்.

மாக்பீ போலீஸ் எடுத்த புகைப்படத்தைப் பார்த்தார். கார்லிஸும் எட்டிப் பார்த்தாள். தடித்த, அழகில்லாத மலிவுத் துப்பாக்கி. அதிலிருந்து கழற்றிப் பக்கத்தில் வைத்த, தோட்டா அடைக்கும் மேகசின். அதன் அடியில் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு. மாக்பீ படத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"உங்ககிட்ட மேகசின் எத்தனை?"

"ரெண்டு. நல்லது எப்பவும் என் ஏப்ரன் பையில. என்னைப் பிடிச்சப்ப போலீஸ் அதையும் எடுத்துக்கிச்சு. இன்னொண்ணு சண்டி. கடையில இருக்கிற பெட்டியில துப்பாக்கியோட காலியாக் கிடக்கும். சுடுதளத்துல பழகுறதுக்கு மட்டும்தான் எடுப்பேன்."

"பெட்டிக்குச் சாவி?"

"என்கிட்ட. ஆனா அது தகரப் பெட்டி. ஸ்க்ரூடிரைவர் வச்சு நெம்பியிருந்துச்சு. கட்டடத்துச் சாவியோ ராய்ஸ்கிட்டயும் இருக்கு."

"சுட்டதா சொல்ற நேரத்துல எங்க இருந்தீங்க?"

"பின்னால பாய்லர் ரூம்ல. தனியா. அதுதானே என் தலையெழுத்து!"

மாக்பீயும் கார்லிஸும் போனபோது, ராய்ஸின் வீட்டு முற்றத்தில் அந்தப் பிக்கப் வண்டி நின்றது. அதைக் காட்ட அவனுக்குத் தயக்கமே இல்லை. இடுப்பு உறையில் பளபளக்கும் விலையுயர்ந்த துப்பாக்கியைத் தட்டிக்கொண்டே பேசினான்.

"பட் பட் பட்னு மூணு, சார். கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள. நான் வண்டிக்கு அந்தப் பக்கம் குனிஞ்சுட்டேன், பொழைச்சேன். அந்தம்மா வச்சிருக்கிறதெல்லாம் துப்பாக்கியா? கதவு காத்துல ஆடாம இருக்க முட்டுக்கொடுக்கலாம். அந்தச் சாமானுக்குக் கொஞ்சம் வலு இருந்திருந்தா நான் செத்திருப்பேன்."

"உங்க துப்பாக்கியில எப்பவாவது தோட்டா சிக்கி நின்னிருக்கா?" என்று கேட்டார் மாக்பீ.

"இதுவா? வாங்கின நாள்லேருந்து ஒரு தடவை கூட இல்லை. காசுக்கேத்த சாமான்."

அதற்குள் கார்லிஸ் வண்டியின் பின்தட்டில் ஏறிவிட்டிருந்தாள். நனைந்த மேப்பிள் இலைகள் மூலையில் குவிந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவே ஏதோ மினுங்கியது. சுடப்படாத தோட்டா. ஈய மூக்கு யாரோ சுத்தியலால் தட்டியதுபோல் உள்ளே அமுங்கியிருந்தது.

"சார்!" என்று கத்த வாயெடுத்தவள், மாக்பீயின் பார்வையைக் கண்டு அப்படியே விழுங்கினாள். அவர் அருகில் வந்து பார்த்தார்.

"தொடாத. போலீஸ் சார்ஜென்ட் க்ரீலைக் கூப்பிடு," என்றார் மெதுவாக. பிறகு ராய்ஸ் பக்கம் திரும்பி, "அந்த மலிவுத் துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்கணும்னு கேட்டிருக்கோம். வந்து வேடிக்கை பார்க்கிறீங்களா?"

"சிரிக்கவாவது வருவேன்," என்றான் ராய்ஸ்.

வந்தான். சுடுதளத்தில் வெர்டெல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சார்ஜென்ட் யொலாண்டா க்ரீல் முத்திரையிட்ட பையைப் பிரித்து, துப்பாக்கி கிடைத்தபோது அதிலிருந்த மேகசினில் தோட்டாக்களை அடைத்தாள். எல்லோரும் காதுமூடிகளை மாட்டிக்கொண்டார்கள்.

டமார். அவ்வளவுதான். அடுத்த தோட்டா குறுக்கே மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. க்ரீல் மேல்மூடியை இழுத்து உதறினாள். மூக்கு அமுங்கிய தோட்டா தெறித்து வலப்பக்கம் விழுந்தது. மறுபடி ஒன்று. மறுபடி சிக்கல்.

ராய்ஸ் விழுந்து விழுந்து சிரித்தான். "நான் சொல்லலை? இதை நம்பி ஒருத்தி உயிரைக் காப்பாத்திக்கப் போறாளாம்!"

"இப்ப என்னோடதைப் போடுங்க, மேடம்," என்றாள் வெர்டெல்.

ஏப்ரன் பையில் கிடைத்த மேகசினைப் போட்டாள் க்ரீல். எட்டுக் குண்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக, மூச்சு வாங்காமல் சீறிப் பாய்ந்தன. மேகசின் காலியாகி, துப்பாக்கி வாயைத் திறந்துகொண்டு நின்றது.

"வாங்கின அன்னைக்கே இடுப்புல சொருகிக்கிற வசதி எனக்கு இல்லை," என்றாள் வெர்டெல், ராய்ஸை நேராகப் பார்த்து. "ஒவ்வொரு சனிக்கிழமையும் இங்க வந்து சுட்டேன். எந்தத் தோட்டா இதுக்குப் பிடிக்கும், எந்த மேகசின் காலை வாரும்னு கத்துக்கிட்டேன். என் துப்பாக்கி மலிவுதான், ராய்ஸ். என் உயிர் மலிவில்லை."

மாக்பீ காதுமூடியைக் கழற்றினார்.

"கார்லிஸ், அந்தப் பொட்டு என்ன?"

கார்லிஸுக்கு அதற்குள் எல்லாம் விளங்கிவிட்டிருந்தது. "நெயில் பாலிஷ், சார்! சண்டி பண்ற மேகசின்ல அடையாளம் வச்சுடுவாங்க, அவசரத்துல மாத்தி எடுத்துடக்கூடாதுன்னு. மலிவுத் துப்பாக்கி வச்சிருக்கிற எல்லாரும் செய்யறதுதான். சுடணும்னு கிளம்பினவ நல்லதைப் பையில விட்டுட்டு, தானே சிவப்புப் பொட்டு வச்சதை எடுப்பாளா?"

"பதட்டத்துல எடுத்திருப்பா," என்றான் ராய்ஸ். சிரிப்பு காணாமல் போயிருந்தது.

"இருக்கலாம்," என்றார் மாக்பீ. "ஆனா பட் பட் பட்னு சுட்டதா சொன்னீங்க. இந்த மேகசின்ல அது நடக்காது. ஒவ்வொரு குண்டுக்கும் நின்னு, இழுத்து, உதறணும். மூணு சுட ரெண்டு தோட்டா தெறிச்சு விழும். கடை வாசல்ல நின்னு சுட்டிருந்தா அங்க விழுந்திருக்கும். ஒண்ணு உங்க வண்டியோட பின்தட்டுல இலைக்குள்ள கிடந்துச்சு. சுட்டவன் வண்டியை ஒட்டி நின்னிருக்கான். இன்னொண்ணைத் தேடிப் பொறுக்கிட்டான்னு நினைக்கிறேன். காசுக்கேத்த சாமான் வச்சிருக்கிறவருக்குத் துப்பாக்கி சிக்கும்னே தெரியாது. பொட்டைப் பார்த்து அதுதான் அவளோட ராசியான மேகசின்னு நினைச்சிருப்பார்."

"யார் வேணா செஞ்சிருக்கலாம்!"

"வாஸ்தவம்," என்றாள் க்ரீல். "அதான் வண்டியில கிடந்த தோட்டாவோட பித்தளை உறையைப் பார்த்தோம். காலி மேகசின்ல தோட்டாவை அடைக்கிறப்ப கட்டைவிரலால அழுத்தணும். ஒரு அழகான ரேகை இருக்கு. மிஸ் டிப்ஸோடது இல்லை. உங்க கையைக் கொஞ்சம் காட்டுறீங்களா, மிஸ்டர் பெட்டிபோன்?"

ராய்ஸின் வலதுகை மெல்லக் கால்சட்டைப் பைக்குள் போனது. அங்கேயே இருந்தது. க்ரீல் முதலில் அவன் இடுப்பிலிருந்த விலையுயர்ந்த துப்பாக்கியை உருவி வைத்தாள்; பிறகுதான் விலங்கை எடுத்தாள்.

அடுத்த வாரம் துணி துவைக்கும் கடை திறந்திருந்தது. வழக்கு முடிந்தபின் துப்பாக்கியும் இரண்டு மேகசின்களும் திரும்பி வந்தன. "இனிமே அந்தச் சண்டியைத் தூக்கிப் போட்டுடுங்க, மிஸ் வெர்டெல்," என்றாள் கார்லிஸ்.

"எதுக்கு? எனக்காகச் சாட்சி சொன்னது அது ஒண்ணுதான்," என்று சொல்லி, உதிர்ந்துபோன பொட்டின்மேல் புதிதாக ஒரு சொட்டுப் பாலிஷ் வைத்து ஊதினாள் வெர்டெல்.

ரேகைதான் ராய்ஸைக் கவிழ்த்தது என்று கார்லிஸ் இன்றைக்கும் சாதிக்கிறாள். 'ஒரு தடவை கூட இல்லை' என்று அவன் பெருமையடித்த நிமிடமே கவிழ்ந்துவிட்டான் என்கிறார் மாக்பீ. நீங்கள் சொல்லுங்கள், உங்களுக்கு அவன்மேல் எந்த இடத்தில் சந்தேகம் தட்டியது?